பெட் அம்மையார் தொடுத்த வழக்கு

அமெரிக்க விடுதலை வரலாற்றைப் பேச எழுவோர் வாஷிங்டனில் தொடங்கி ஜெபர்சனில் முடிப்பது வழக்கம். நாம் இன்று எழுத்தறியாத அடிமைப் பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேச விழைகின்றோம். ஆயினும் ஜெபர்சனைக் கடந்தே அவரிடம் செல்ல வேண்டியிருக்கின்றது.

1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிலடெல்பியாவில் கூடிய மாமன்றம் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றது. மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று அதில் வரைந்த ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். அடிமை வாணிகத்தின் பொருட்டு ஆங்கில மன்னரைச் சாடும் பத்தி ஒன்றையும் அவரே எழுதியிருந்தார். மாமன்றம் அதனை அடித்துவிட்டது. தென் கரோலைனாவும் ஜார்ஜியாவும் அப்பத்தியை விரும்பவில்லை என்று பின்னர் அவர் குறித்து வைத்தார். அடிமைகளைக் கப்பலேற்றிப் பொருளீட்டிய வடபுலத்தாருக்கும் அது உறுத்திற்று என்பதை அவர் மறைக்கவில்லை.

இனி வடக்கே மாசசூசெட்ஸ் செல்வோம். அங்கே ஷெபீல்டு என்னும் ஊரில் கர்னல் ஜான் ஆஷ்லி என்னும் செல்வர் வாழ்ந்தார். 1773 ஜனவரியில் ஊர்ப் பெரியோர் அவர் இல்லத்தில் கூடி, மனிதர் இயல்பில் சமமானவர், தன்னுரிமை உடையவர் எனத் தீர்மானம் வகுத்தனர். அக்குழுவில் எழுத்தராக இருந்தவர் தியடோர் செட்ஜ்விக் என்னும் வழக்கறிஞர். அதே இல்லத்தில் அடிமையாக உழைத்தவர் பெட் அம்மையார். பணிவிடை செய்வோருக்கும் செவி உண்டு என்பதை அப்பெரியோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

1780இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியல் சட்டம் இயற்றிக்கொண்டது. மனிதர் யாவரும் பிறப்பிலேயே சுதந்திரரும் சமமானவரும் ஆவர் என்றது அதன் முதற்கூறு. அந்த வீட்டுத் தலைவி, நெருப்பிற் காய்ந்த இரும்புக் கரண்டியால் மற்றொரு பெண்ணை அடிக்க ஓங்கியபோது, பெட் குறுக்கே கை நீட்டி அவ்வடியைத் தாம் ஏற்றார் என்றும், அவ்வடு இறுதிவரை மறையவில்லை என்றும் செட்ஜ்விக்கின் மகள் எழுதியிருக்கின்றார்.

அம்மையார் செட்ஜ்விக்கையே நாடிச் சென்றார். யாவரும் என்னும் சொல்லில் தாமும் அடக்கமன்றோ என்பதே அவர் வினவியதன் சாரம். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பிராம் என்னும் அடிமையும் உடன் வழக்காடினார். இருவரும் ஆஷ்லியின் உடைமையல்லர் என ஜூரிகள் முடிவு கூறி, 30 ஷில்லிங் இழப்பீடும் விதித்தனர். ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். பின்னர் அதனைக் கைவிட்டார். 1783இல் வேறொரு வழக்கில், அடிமை முறை அச்சட்டத்திற்கு ஒவ்வாது என்று தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் கூறினார். 1790ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மாசசூசெட்சில் அடிமை என ஒருவரும் பதிவாகவில்லை.

நாடு முழுமைக்குமான அரசியல் சட்டமோ வேறு வழி சென்றது. 1787இல் பிலடெல்பியாவில் அதனை வகுத்தோர், பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூவராக எண்ணினர், பயனோ ஆண்டைகளுக்கு! 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கலாகாது என்றனர். தப்பியோடியோரை மீள ஒப்படைக்க வேண்டும் என்றனர். ஆயினும் அடிமை என்னும் சொல்லை ஓரிடத்தும் எழுதவில்லை. எழுத நாணினர், செய்ய நாணவில்லை. அந்நாடெங்கும் அடிமை முறை ஒழிய, உள்நாட்டுப் போருக்குப்பின் 1865இல் வந்த 13ஆம் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

கூலி தருவதாக ஆஷ்லி அழைத்தும் பெட் அம்மையார் அவ்வீட்டிற்குத் திரும்பவில்லை. சுதந்திர மனிதர் எனப் பொருள்படும் ஃபிரீமன் என்பதைச் சேர்த்து, எலிசபெத் ஃபிரீமன் எனத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். செட்ஜ்விக் குடும்பத்தில் ஊதியத்திற்குப் பணிபுரிந்து, சொந்த வீடு வாங்கி வாழ்ந்து, 1829இல் மறைந்தார்.