உள்ளாட்சி வரியும் வங்கிக் கணக்கும்

(பெங்களூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரி என்பது குடிமகன் தன் கையால் எண்ணிக் கொடுப்பதாக இருந்தது. இன்றோ அவன் அறியாத வேளையில் அவனது வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்படவும் கூடியதாகிவிட்டது. காலையில் கைபேசியைத் திறந்தால் இன்ன தொகை பற்று வைக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி. எதற்காக, எவர் ஆணைப்படி என்ற விவரம் அதில் இராது. மாதச் செலவுக்கும் மருந்துக்கும் அந்தக் கணக்கையே நம்பியிருக்கும் ஓய்வூதியருக்கு இது சிறிய விஷயமன்று.

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் ஆடம் ஸ்மித் 1776-இல் வகுத்த வரிவிதிப்பு நெறிகளைப் படித்திருப்பீர்கள். செலுத்தவேண்டிய தொகை, காலம், முறை ஆகிய மூன்றும் செலுத்துபவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற உறுதிப்பாட்டு நெறிக்கு அவர் தனிச் சிறப்பளித்தார். வரிச்சுமை ஓரளவு ஏற்றத்தாழ்வாக இருப்பதைவிட, அது நிச்சயமற்று இருப்பதே பெருந்தீங்கு என்பது அவர் கருத்து. நமது அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவும் சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படவோ வசூலிக்கப்படவோ கூடாது என்கிறது. "விதிக்கப்படவோ" என்பதோடு நில்லாமல் "வசூலிக்கப்படவோ" என்றும் அங்கே கூறப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இந்நகரின் அனுபவத்துக்கு வருவோம். சொத்து வரியைச் சொத்துடைமையாளரே கணக்கிட்டுச் செலுத்தும் சுய மதிப்பீட்டு முறை பெங்களூரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. அலுவலர் வீட்டுக்கு வந்து அளந்து மதிப்பிடும் வழக்கம் குறைந்தது. அதனோடு பிறந்த பேரங்களும் குறைந்தன. 2008-இல் பரப்பளவு அலகை அடிப்படையாகக் கொண்ட முறை வந்து, நகரம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. குடிமகனை நம்பிய நல்ல ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் 2016-இல் மண்டலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, பலர் பழைய மண்டல விகிதப்படியே வரி செலுத்தினர். ரசீதும் பெற்றனர். ஐந்தாண்டுகள் கழித்து, 2021-இல், ஏறத்தாழ 78 ஆயிரம் சொத்துடைமையாளர்களுக்கு அறிவிப்புகள் சென்றன. வித்தியாசத் தொகை, அதைப்போல் இருமடங்கு அபராதம், மாதம் 2 சதவிகித வட்டி ஆகியவை கோரப்பட்டன. இதன் பளுவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஆண்டுக்கு வித்தியாசம் 2,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டுக்கு 10,000. அபராதம் 20,000. வித்தியாசத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 24 சதவிகிதத் தனிவட்டி எனக் கொண்டு, முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு, அடுத்ததற்கு நான்காண்டு என்று போட்டால் 7,200 வருகிறது. ஆக, 10,000 ரூபாய்ப் பாக்கி 37,200 ரூபாயாகிறது. கடும் ஆட்சேபம் எழுந்ததில் வியப்பில்லை. தவறான மண்டலத்தை ஏற்றுக்கொண்டு ரசீது வழங்கிய கணினிக்கு யார் அபராதம் விதிப்பது என்று மக்கள் கேட்டது நியாயமான கேள்வியே. பின்னர் 2024-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் இருமடங்கு அபராதம் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒருமுறைத் தீர்வுத் திட்டமும் அவ்வாண்டு நவம்பர் 30 வரை நடைமுறையில் இருந்தது. அதன் பிறகும் செலுத்தாதோர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் ஒன்று வங்கிக் கணக்கை முடக்குதல். 2024-25-இல் அப்போதைய மாநகராட்சி ஏறத்தாழ 4,900 கோடி ரூபாய் சொத்து வரி வசூலித்தது. நகருக்கு இப்பணம் தேவை. அதை நான் மறுக்கவில்லை.

கணக்கிலிருந்து எதிர்பாராமல் பணம் போவது நான்கு வழிகளில் நிகழலாம். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான கதவைத் தட்டுகின்றனர்.

முதலாவது, நாமே என்றோ கொடுத்த இசைவாணை. மேண்டேட் என்று வங்கிகளில் வழங்குவது இதுவே. சொத்து வரி ஆண்டுக்கு ஓரிருமுறை கட்டுவதாகையால் இதற்கு இவ்வழக்கம் குறைவு. மின்கட்டணம் போன்றவற்றுக்கே மிகுதி. ஆயினும், 2019-இல் பாரத் பில் பேமெண்ட் முறை, திரும்பத் திரும்ப வரும் எல்லாப் பில்களுக்கும் விரிவாக்கப்பட்டபின், உள்ளாட்சி வரிகளும் தானியங்கிப் பற்றின் எல்லைக்குள் வந்துவிட்டன. வீட்டை விற்றவர் இசைவாணையை ரத்து செய்ய மறந்தால், வாங்கியவருடைய வரியும் விற்றவர் கணக்கிலிருந்தே போகும். ரத்து செய்தபின்னும் நாச் எனப்படும் தானியங்கித் தீர்வு முறையில் பற்று வைக்கப்பட்டால், பொறுப்பு வாடிக்கையாளரின் வங்கியையே சாரும். மறுநாளுக்குள் தீர்க்கத் தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஆணையிட்டது. இது பலருக்குத் தெரியாது. ஆகவே, ரத்துக் கடிதத்தின் நகலில் வங்கியின் ஒப்புகை முத்திரையோடு தேதியையும் பெற்று வைத்திருப்பவரே வெல்வார்.

இங்கு ஓர் இடைவெளியையும் சுட்டவேண்டும். பற்று வைப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி, அட்டைகள், முன்செலுத்துக் கருவிகள், யூ.பி.ஐ. ஆகியவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. நாச் முறை அந்த வரம்புக்கு வெளியே விடப்பட்டது. முன்னறிவிப்பு மிகவும் தேவைப்படும் பெருந்தொகைகள் பலவும் அவ்வழியே செல்பவை.

இரண்டாவது, பணம் போயும் ரசீது வராத நிலை. ஏப்ரல் மாதத்துக்குள் முழு வரியையும் செலுத்தினால் 5 சதவிகிதத் தள்ளுபடி என்ற சலுகையால், மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே வாயிலில் நெருக்குவர். இணையத்தளம் திணறும். பதற்றத்தில் இரண்டாம் முறை செலுத்துவோர் உண்டு. விண்ணப்ப எண்ணில் ஓர் இலக்கம் பிசகி அயலார் வரியைக் கட்டிவிடுவோரும் உண்டு. வங்கிக் குறிப்பு எண்ணுடன் வருவாய்ப் பிரிவுக்கு எழுதுவதே இதற்கு வழி.

மூன்றாவது, மோசடி. இதில் காலமே எல்லாம். 2017 ஜூலை 6-ஆம் நாளைய சுற்றறிக்கை, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இல்லாத அத்துமீறலை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றது. ஏழு நாள் வரை வரையறுக்கப்பட்ட பொறுப்பு. தானே ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவருக்கு இப்பாதுகாப்பு முழுமையாகக் கிட்டாது.

நான்காவதே கடினமானது: சட்டப்படியான முடக்கம். இங்கு வங்கியோடு வாதிட்டுப் பயனில்லை. ஆணை செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிளை மேலாளருக்கு இல்லை. அவரிடம் கேட்டுப் பெறவேண்டியது ஆணையின் நகல். அதில் எண், தேதி, பிறப்பித்த அதிகாரி, தொகை ஆகியவை இருக்கும். பின்னர் ரசீதுகளோடு அந்த அதிகாரியிடம் செல்லவேண்டும். இன்னொன்று: நிலுவைத் தொகை அளவுக்குக் கணக்கில் பிடித்து வைப்பது வேறு, கணக்கு முழுவதையும் முடக்குவது வேறு. பதினைந்தாயிரம் பாக்கிக்காக மூன்று லட்சம் உள்ள கணக்கை முழுதும் பூட்டிவிட்டால், வீட்டுக்கடன் தவணையும் பள்ளிக் கட்டணக் காசோலையும் திரும்பிவரும். பிடித்து வைப்பது தொகையளவுக்கு மட்டும் இருக்க வேண்டும் என எழுத்தில் கோருங்கள்.

வெளிநாடுகளில் இப்பிரச்சினை எவ்வாறு கையாளப்படுகிறது? பிரிட்டனில் கவுன்சில் டாக்ஸ் எனும் உள்ளாட்சி வரியைப் பலரும் மாதத் தவணையாக நேரடிப் பற்று முறையில் செலுத்துகின்றனர். பிழையாக எடுக்கப்பட்ட தொகையை வங்கி முதலில் உடனடியாகத் திருப்பித் தந்துவிடும், விசாரணை பிறகு. யூரோ நாணய நாடுகளின் பொது நேரடிப் பற்று முறையில், எட்டு வாரங்களுக்குள் காரணம் கூறாமலேயே தொகையைத் திரும்பப் பெறலாம்; இசைவே கொடுக்காத பற்றுக்கு 13 மாதங்கள் வரை அவகாசம். பணம் திரும்பிவிட்டாலும் வரிக்கடன் தீர்ந்துவிடாது என்பதை அந்நாட்டவர் அறிவர். குடிமகன் பட்டினி கிடந்து வாதிட வேண்டியதில்லை என்பதுதான் வேறுபாடு.

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சிக்குப் பதிலாக ஐந்து மாநகராட்சிகள் இந்நகரில் உருவாகியுள்ளன. பதிவேடுகள் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு மாறும் வேளை இது. செலுத்திய வரி பழைய கணக்கிலும், கேட்பு புதிய கணக்கிலும் நின்றுவிடும் அபாயம் உண்டு. இங்குள்ள வருவாய் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வங்கிக்கு முடக்க ஆணை அனுப்புமுன், அந்தச் சொத்துக்குரிய பழைய செலுத்துதல்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கதவில் ஒட்டிய அறிவிப்போடு நின்றுவிடாமல் பதிவு செய்த கைபேசி எண்ணுக்கும் செய்தி அனுப்புங்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வேறூரில் வாழும் உடைமையாளர் கதவைப் பார்ப்பதில்லை, கைபேசியைப் பார்க்கிறார்.