காட்டைக் காக்கும் வேலை தொழுவத்தில் தொடங்குகிறது

ஆரணி என்றதும் பட்டுப்புடவையும் அரிசியும்தான் பலருக்கும் நினைவு வரும். அந்த அரிசிக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாக நதி ஜவ்வாது மலையில் பிறந்து வருகிறது. மலைக்காடு தண்ணீர் கொடுத்தது. டிராக்டர் வராத காலத்தில் வயலை உழுது, கவலை இறைத்து, நெல்மூட்டை வண்டியை இழுத்தது மாடு. காடும் மாடும் இந்த வட்டாரத்து வாழ்க்கையில் பிரிக்க முடியாதவை. ஆனால் பிரிட்டிஷ் நிர்வாகம் மாட்டை ஓர் இலாகாவிடமும் காட்டை இன்னோர் இலாகாவிடமும் ஒப்படைத்தது. அந்தப் பிரிவினையால் மாடும் நலம் பெறவில்லை, காட்டு விலங்கும் முழுப் பாதுகாப்புப் பெறவில்லை என்பதுதான் என் வாதம். இன்றைக்கும் அந்தச் சுவர் இருக்கிறது. அதை நாம் இடித்தாக வேண்டும்.

முதலில் கால்நடை மருத்துவத்தைப் பார்ப்போம். மாட்டு நோய் பரவுவதைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1866-லேயே ஒரு சட்டம் போட்டது. 1869-ல் ஹாலன் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் தலைமையில் மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் அமைந்தது. 1871-ல் அதன் அறிக்கை வந்தது. ஆக, நோயின் கடுமை அரசுக்குத் தெரியும். என்றாலும் சிவில் கால்நடைத் துறை 1892-ல்தான் உருவானது. அதுவும் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கும் அமைப்பிலிருந்து கிளைத்தது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-ல். ஆணையத்தின் அறிக்கைக்கும் கல்லூரிக்கும் இடையே 32 ஆண்டுகள். அந்த இடைவெளியில்தான் 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் நம் வட ஆற்காட்டையும் வாட்டியது. மனிதரோடு மாடுகளும் மடிந்தன. அரசின் போர்க்குதிரைக்குக் கிடைத்த கவனம் உழவன் வீட்டு எருதுக்குக் கிடைக்க ஒரு தலைமுறைக் காலம் ஆனது.

அந்த எருதைக் கொன்ற நோய்களில் கொடியது வெக்கை நோய். முதலில் கடும் காய்ச்சல். தீனியில் வாய் வைக்காது. பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் தவிடு ஒட்டியது போல வெளுத்துப் புண்ணாகும், மூச்சு நாறும். அதன்பின் கழிச்சல் கண்டு, உடம்பில் நீர் வற்றி, ஒரு வாரம் பத்து நாளில் மாடு விழுந்துவிடும். ஓர் ஏர் மாடு செத்தால் ஜோடி உடைந்தது. ஜோடி உடைந்தால் அந்தப் பருவத்து உழவு போயிற்று. உழவு போனால் கடன், கடனுக்கு நிலம். மாட்டு வைத்தியம் என்பது விலங்கின் மீதான இரக்கம் மட்டும் அல்ல. ஒரு குடும்பம் தன் நிலத்தில் தங்குமா என்ற கேள்வி.

அடுத்து, வனவிலங்குப் பாதுகாப்பு. காட்டு யானையைக் கண்டபடி கொல்லக் கூடாது என்று 1873-ல் சென்னை மாகாணம் சட்டம் செய்தது. 1879-ல் இந்திய அளவிலும் அது வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் யானை அரசுக்கு மரம் இழுக்கவும் ராணுவச் சுமை தூக்கவும் தேவைப்பட்ட விலங்கு. அதே 1879-ல் நீலகிரிக்கு வேட்டை விலங்குச் சட்டம் வந்தது. வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையில் பிறந்தது அது. 1912-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் மானும் காட்டெருமையும் மயிலும் உண்டு, புலி இல்லை. புலிக்கும் சிறுத்தைக்கும் பாதுகாப்புக்குப் பதில், கொன்றவர்க்குச் சன்மானம். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000-க்கு மேற்பட்ட புலிகள் இந்தியாவில் கொல்லப்பட்டதாக அரசு ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். எந்த விலங்கு ஆட்சிக்கு உதவும் என்ற ஒரே அளவுகோல்தான் தொழுவத்திலும் காட்டிலும் செல்லுபடியானது.

“1882-ன் சென்னை வனச்சட்டம் இல்லாவிட்டால் இன்று காடே இருந்திருக்காதே” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரயில் பாதைக்கும் விறகுக்கும் காடுகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டதால் பல மலைகள் தப்பின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காக்கும் முறை ஒன்றே ஒன்றுதானா? வேடந்தாங்கல் ஏரியில் கூடும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து ஊர்மக்களே அவற்றைக் காத்து வந்தார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்று ஆணை தந்தார். மக்களைக் கூட்டாளியாக்கும் வழி வனச்சட்டத்துக்கு 84 ஆண்டு முன்பே நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. வனச்சட்டமோ மேய்ச்சலுக்குக் கட்டணம் விதித்தது. அத்துமீறிய மாடு பவுண்டில் அடைபட்டது. பல ஊர் மாடுகள் ஒரே பட்டியில் நெருக்கி நிற்கும்போது நோய் தொற்ற அதைவிட வசதியான இடம் ஏது? திருட்டுத்தனமாக மேய்ப்பவன், மாட்டுக்கு நோய் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வான்? மேய்ச்சல் குறைகள் பெருகி, 1913-ல் சென்னை அரசே வனக்குழு ஒன்றின் மூலம் அவற்றை விசாரிக்க நேர்ந்தது.

நோய்க்கு இலாகா எல்லை தெரியாது. 1968-ல் முதுமலைக் காட்டெருமைகளை வெக்கை நோய் தாக்கி ஏராளமாகக் கொன்றது. வேட்டைக்காரரின் துப்பாக்கியிலிருந்து அவற்றைச் சட்டம் காத்தது. கிராமத்து மாட்டுக்கும் காட்டெருமைக்கும் பொதுவான கிருமியிலிருந்து காக்கவில்லை. இதற்கு நேர்மாறான சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தான்சானியாவின் செரங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்ற காட்டு விலங்கின் கூட்டம் 1960-களின் தொடக்கத்தில் மூன்று லட்சத்துக்கும் கீழே இருந்தது. 1970-களின் இறுதிக்குள் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை. சுற்றியிருந்த மேய்ப்பர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டுக்குள் நோய் அற்றுப்போனது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.

“அந்தத் தடுப்பூசி அறிவியலே வெள்ளையர் கொடுத்ததுதானே” என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். 1893-ல் இமயமலை முக்தேசரத்துக்கு இடம்பெயர்ந்த ஆய்வுக்கூடத்தில் லிங்கார்ட் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த பணியையும், பின்னர் அங்கே எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டின் வழியாக உருவாக்கிய தடுப்பூசியையும் குறைத்துப் பேச மாட்டேன். 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இன்று ஆரணிக்குப் பக்கத்திலேயே, இராணிப்பேட்டையில் இயங்குகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் மருந்து இருப்பதும் கடைசித் தொழுவம்வரை அது போய்ச் சேருவதும் ஒன்றல்ல. நாடு தழுவிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் சுதந்திரத்துக்குப் பின், 1954-ல்தான் தொடங்கியது. இந்தியாவில் இந்நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் வட ஆற்காட்டுப் பகுதியில். 2006-ல் இந்தியாவும் 2011-ல் உலகமும் இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. அறிவியல் வென்றது, ஏழை வீட்டுக் கன்றையும் கணக்கில் சேர்த்த பிறகே.

சுவர் இன்னும் இடியவில்லை என்பதற்குக் கழுகின் கதை சாட்சி. 1990-களிலிருந்து இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகு இனங்கள் சில நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்படுவதற்குள் பேரழிவு நடந்து முடிந்திருந்தது. மாட்டு மருத்துவரின் ஊசிமுனையில் ஒரு காட்டுப் பறவையின் உயிர் இருந்ததை இரு துறைகளும் சேர்ந்து முன்பே கவனித்திருக்க வேண்டும்.

“காட்டோரம் மாடே கூடாது என்று விரட்டிவிட்டால் தீர்ந்தது” என்பவர்களும் உண்டு. ஜவ்வாது மலைக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன; அந்த மக்கள் எங்கே போவார்கள்? மாடு போனாலும் மான் வயலுக்கு வரும், ஓடைத் தண்ணீர் மனிதருக்கும் மானுக்கும் பொது. ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் சாலையோர ஊர்களுக்குப் போவதற்கு முன் மலையூர்களுக்கும் காட்டோர ஊர்களுக்கும் போகட்டும். வனத்துறையும் கால்நடைத் துறையும் நோய்த் தகவலை அன்றன்றே பகிர்ந்துகொள்ளட்டும். நோயைச் சொல்ல வரும் மாட்டுக்காரரிடம் மேய்ச்சல் அபராதம் பேசாமல் இருக்கட்டும். நேயர்களே, உங்கள் பங்கும் உண்டு. முகாம் நடக்கும் நாளில் ஒரு கன்றைக்கூட வீட்டில் விட்டுவிடாதீர்கள்; மாடு தீனி மறுத்தால் அன்றே 1962 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். உங்கள் மாட்டுக்குப் போடும் தடுப்பூசி மலைக்காட்டு மானையும் சேர்த்தே காக்கிறது.