நேயர் விருப்பமா, கம்பெனி விருப்பமா?

(நல்லம்பள்ளியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் வேலை நாட்களைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நோட்டீசைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் நம்மிடம் நேராகவே கேட்டார்: "வயிற்றுக்கு வழி பேசுவதை விட்டுவிட்டு ராகம் பாடப் போகிறீர்களா?" நியாயமான கேள்விதான். நமக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. நாம் பேச வந்தது, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி.

மில்லில் ஷிப்டு முழுவதும் இயந்திர இரைச்சலில் நின்றுவிட்டு, வேனில் ஏறி ஊர் திரும்பும் பெண் முதலில் செய்வது என்ன? காதில் பாட்டை வைத்துக்கொள்கிறாள். நிலக்கடலைக் கொல்லையில் களை வெட்டுகிறவர்கள் வரப்பு மேல் ஒரு போனை வைத்துவிட்டுத்தான் குனிகிறார்கள். மற்ற நேரமெல்லாம் மேஸ்திரிக்கும் சூப்பர்வைசருக்கும் சொந்தம். பாட்டுக் கேட்கும் நேரம் ஒன்றுதான் நம் நேரம். அந்த நேரத்திலும் அடுத்த பாட்டு எது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள் என்றால், அதைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நடவுக்குப் போய்ப் போய் முதுகு வளைந்துபோன ஒரு மூதாட்டி இருக்கிறார். கும்மிப் பாட்டு எடுத்தாரென்றால் இரவு முழுதும் பாடுவார். பேரன் அதைப் போனில் பதிவு செய்து இன்டர்நெட்டில் போட்டான். முதல் வாரம் ஊரே கேட்டது. பிறகு அந்தப் பாட்டு எவருடைய போனிலும் தானாக வரவில்லை. "தேடினால்தான் வரும் தோழர், தானா வராது" என்றான் பையன். கிழவி நம் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, நான் பாடுனது நல்லா இல்லையா?"

என்ன பதில் சொல்வது? பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை நன்றாக இல்லை என்று சொன்னவர் எவருமில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளியவரும் இல்லை. கேட்கவே வாய்ப்பு வராமல் போயிற்று. இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

தோழர்களே, இந்த வழக்கு புதிதல்ல. சுதந்திரம் வந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்த 1952இல் டாக்டர் பி. வி. கேஸ்கர் என்பவர் டெல்லியில் ஒலிபரப்பு மந்திரியானார். கர்நாடக சங்கீதமும் ஹிந்துஸ்தானியும்தான் சங்கீதம், சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இருந்த நேரத்தைச் சுருக்கினார்கள். பாட்டு எந்தப் படத்தில் வருகிறது என்று சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். படமுதலாளிகள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பும் அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். மந்திரிக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டையில் பாட்டை இழந்தவர்கள் கேட்கிற ஜனங்கள். அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சினிமாப் பாட்டு மட்டுமா? ஆர்மோனியப் பெட்டியை 1940லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, அகில இந்திய வானொலியிலிருந்து வெளியேற்றினார்கள். நம் தர்மபுரிச் சீமையில் ஆர்மோனியம் இல்லாமல் தெருக்கூத்து உண்டா? நம் ஜனங்கள் விடிய விடியக் கேட்ட வாத்தியத்துக்கு வானொலியில் இடமில்லை. 1971இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை. ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கை வானொலி இருந்தது. அதன் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. இந்திக்காரர்கள் 1952 டிசம்பரிலிருந்து அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா'வுக்குக் காத்துக் கிடந்தார்கள். தமிழ்நாட்டில் டீக்கடைக்கு டீக்கடை மயில்வாகனனின் குரல் கேட்டது. அங்கே கடிதம் எழுதினால் பெயரையும் ஊரையும் வாசித்துப் பாட்டை வைத்தார்கள். கடைசியில் டெல்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி பிறந்தது, அதே மந்திரி பதவியில் இருக்கும்போதே! ஆணை போட்டவரையே திரும்பி நடக்கவைத்தது கேட்பவனின் கையிலிருந்த திருகு.

இலங்கை வானொலி தர்ம ஸ்தாபனம் அல்ல. அங்கேயும் பற்பசைக் கம்பெனியும் சோப்புக் கம்பெனியும்தான் காசு கொடுத்தன. பினாகா என்பதே பற்பசையின் பெயர்தானே! ஆனால் விளம்பரம் விளம்பரமாக வந்தது. "இது இன்ன கம்பெனி வழங்கும் நிகழ்ச்சி" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் சரித்திரம் பொய்யாகிவிடும். திருகு எல்லோர் கையிலும் இல்லை. பஞ்சாயத்து ரேடியோ பூட்டிய அறையில் இருந்தது, சாவி ஒருவர் இடுப்பில் இருந்தது. எத்தனையோ ஊர்களில் அது ஊர்த் தெருவில் பாடியது. சேரிக்குக் காற்றில் வந்த மிச்சம்தான் கிடைத்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் கூலிக்காரன் கையில் திருகு வந்தது. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் திருகு எங்கே?

போனில் பாட்டு எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் எந்தப் பாட்டைக் கேட்டீர்கள், எந்த நேரத்தில் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள், எதைத் திரும்பக் கேட்டீர்கள் — எல்லாவற்றையும் கம்பெனி கணக்கெழுதுகிறது. உங்களைப் போலவே கேட்கிற லட்சம் பேர் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று பார்த்து, அதை உங்களுக்கும் நீட்டுகிறது. ஸ்பாட்டிஃபை கம்பெனியின் கணக்கில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகும். பலர் கேட்டது மேலும் பலருக்குப் போகிறது. எவரும் கேட்காதது எவருக்கும் போவதில்லை. கும்மிப் பாட்டு காணாமல் போன வழி இதுதான். அந்த இயந்திரத்துக்குக் கிழவி மேல் விரோதம் எதுவும் இல்லை. அதன் கணக்கில் அவர் இல்லவே இல்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் ஒரு தனிக் கூத்து நடக்கிறது. ஒரு போன், ஐந்து பேர். மகன் குத்துப்பாட்டுக் கேட்கிறான், தாய் மாரியம்மன் பாட்டுக் கேட்கிறாள், பேத்தியைத் தூங்கவைக்கத் தாலாட்டு ஓடுகிறது. இயந்திரமோ இந்த ஐந்து பேரையும் ஒரே ஆளென்று எண்ணிக்கொண்டு, தூக்கிலிடப்பட்ட பகத்சிங்கின் வரலாற்றைக் கேட்கும்போது நடுவில் நிலாச்சோறு ஊட்டுகிறது! சிரிக்கிறீர்கள். "இது என் பேத்தி கேட்டது, என் கணக்கில் எழுதாதே" என்று சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டால், சில இடங்களில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பட்டியலை நம் ரசனைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கலாம். ஆனால் அது ஏழு வாசல் தாண்டி, இங்கிலீஷ் தெரிந்தவன் கண்டுபிடிக்கிற மூலையில் இருக்கிறது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்கள். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பாட்டுச் சந்தையிலும் துண்டு இருக்கிறது. 2020இல் ஸ்பாட்டிஃபை ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. பாட்டுக்கு உரிமையுள்ள கம்பெனி, தனக்கு வரவேண்டிய பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால், அந்தப் பாட்டை இயந்திரம் சிபாரிசு செய்யும் வாய்ப்பைக் கூட்டுவார்கள். கேட்பவரின் திரையில், இந்தப் பாட்டு அப்படி வந்தது என்று அதன் பக்கத்தில் எழுதுவதில்லை. "உங்களுக்காக" என்று எழுதியிருக்கும். அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர் 2021இல் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை. அந்த நாட்டில் 1950களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் ரேடியோ அறிவிப்பாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துத் தங்கள் பாட்டை ஓடவைத்தன. விசாரணை நடந்து ஊர் சிரித்தது. 1960இல் சட்டம் வந்தது: பணம் வாங்கிக்கொண்டு பாட்டைப் போட்டால் அதைக் கேட்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே அறுபது வருஷத்துக்கு முன்பு ரேடியோவுக்கு ஒப்புக்கொண்ட நியாயம் இது. போனுக்கு மட்டும் ஏன் இல்லை?

சம்பாத்தியத்தின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நீங்கள் மாதச் சந்தா கட்டிவிட்டு ஒரே ஒரு நாட்டுப்புறப் பாடகரை மட்டும் கேட்டாலும், உங்கள் காசு அவருக்குப் போகாது. எல்லோருடைய காசும் ஒரே குடத்தில் விழுகிறது. எந்தப் பாட்டு அதிகம் ஓடியதோ அந்த விகிதத்தில் பங்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பங்கே கிடையாது. ஆக, சிபாரிசில் வராதவனுக்குக் கேட்பவரும் இல்லை, காசும் இல்லை.

கேட்பவனுக்கு உரிமை கொடுத்தால் தொழில் நடக்காது என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். உலகத்தைப் பாருங்கள். சீனாவில் 2022 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, சிபாரிசு இயந்திரத்தை நிறுத்திவைக்கும் வசதியைக் கம்பெனிகள் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2022இல் செய்த சட்டம், சிபாரிசு எதை வைத்து நடக்கிறது என்பதைப் புரியும் பாஷையில் சொல்லச் சொல்கிறது. மிகப் பெரிய தளங்கள், ஆளின் ஜாதகத்தைக் கணிக்காத ஒரு வழியையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நம் பார்லிமெண்ட் 2023இல் தனிநபர் தகவல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நம்மைப் பற்றிய தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையைப் பற்றி அது பேசுகிறது. சிபாரிசை நிறுத்தும் திருகைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய ராஜ்யம் அல்ல. சிபாரிசை நிறுத்த ஒரு பொத்தான், முதல் பக்கத்திலேயே, தமிழில் வேண்டும். இந்தப் பாட்டு ஏன் வந்தது என்று தொட்டால் சொல்ல வேண்டும். பங்கை விட்டுக்கொடுத்து வந்த பாட்டென்றால் அதையும் எழுத வேண்டும். என் ஊர்ப் பாட்டை, என் ஜில்லாப் பாட்டை முதலில் கொடு என்று கேட்க வழி வேண்டும். கம்பெனி கடையைக் கட்டும்போது நாம் சேர்த்த பட்டியல் நம்மோடு வர வேண்டும். இதை லேசாக நினைக்காதீர்கள். 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அறிவித்தது. வருஷக்கணக்காக ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாட்டுப் பட்டியல் முதலாளியின் ஒரு முடிவில் அடிபட்டுப் போகலாமா?

மில் விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களிடம் போனையே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்களுக்குச் சிபாரிசும் இல்லை, பாட்டும் இல்லை. அது இதைவிடப் பெரிய பிரச்னை; அதற்கென்று தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். யூடியூபில் பார்த்த கணக்கை எழுதாதே என்று நிறுத்திவைக்கலாம், பழைய கணக்கை அழிக்கலாம். அடுத்த பாட்டு தானாக ஓடுவதை அணைக்கலாம். கிடைக்கிற பாட்டை எடுத்துக்கொள்ளாமல், பெயர் சொல்லித் தேடலாம். கூத்து மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, பிடித்த பாட்டுக்கு "ஒன்ஸ்மோர்" என்று கத்தி, கூத்தாடியைத் திரும்பப் பாடவைத்த ஜனங்கள்தானே நாம்?

கூட்டம் கலைந்ததும் போன் வைத்திருக்கும் தோழர்கள் இந்த வேப்பமரத்தடிக்கு வாருங்கள். எந்தப் பொத்தானை எங்கே அணைப்பது என்று இரண்டு இளைஞர்கள் காட்டித் தருவார்கள். அந்தப் பாட்டியும் வந்திருக்கிறார், முன்வரிசையில் தாய்மார்களோடு உட்கார்ந்திருக்கிறார். மைக்கை இப்போது அவரிடம் கொடுக்கிறோம்.