வெறும் மருந்துக் கேன் வீட்டுக்கு வேண்டாம்



மலையில் மருந்து அடிக்கிறவர்கள் பூட்ஸ், கையுறை, முகமூடி போட வேண்டும் என்று பல தடவை பேசியிருக்கிறோம். இன்று வெறும் கேனைப் பற்றிப் பேச வந்தேன்.

மருந்து முடிந்த கேனைப் பீலியில் கழுவி, தண்ணீர் பிடிக்க லயத்துக்குக் கொண்டுபோகிறோம். எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுசாகப் போகாது. கழுவின தண்ணீரும் கீழ் லயத்தார் குடிக்கிற ஓடையில்தான் சேரும். மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால், பிள்ளை சோடா என்று எடுத்துக் குடிக்கும். பரகுவாட் என்ற புல் மருந்துக்கு முறிவு மருந்தே கிடையாது. அதனால்தான் நம் நாட்டில் 2008இல் தொடங்கிப் படிப்படியாக அதைத் தடைசெய்தார்கள்.

ஆகவே, கேனை மூன்று தரம் அலசுங்கள். அலசின தண்ணீரை மருந்து டாங்கியிலேயே ஊற்றுங்கள். கேனில் ஓட்டை குத்தி ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கேனையும் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வாளி வாங்கக் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். என்னிடம் வந்து சொல்லுங்கள், வழி பார்ப்போம். ஒரு கேனை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுக்கலாமா?