எளியோர்க்கும் எட்டும் நீதி
(திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரச் சட்டப் பணிகள் குறித்த விழா உரையின் எழுத்து வடிவம்)

 

இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தைக் கற்போர் பெரும்பாலும் கண்ணகியின் வழக்கையே நினைவில் கொள்வர். அதற்கு முன் நடந்திருக்க வேண்டிய வேறொரு வழக்கும் உண்டு. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அளவில் பாண்டியன் ஆணையிட்டுவிட்டான். கோவலனை அவைக்கு அழைத்து, அச்சிலம்பு அவனுக்கு எவ்வாறு வந்தது என்று வினவுவார் இல்லை. அவன் பக்கம் நின்று பேசுவாரும் இல்லை. பின்னர்க் கண்ணகி தொடுத்த வழக்கோ ஒரே அமர்வில் முடிந்தது. கட்டணம் இல்லை, வாய்தா இல்லை. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, அரசன் தன் பிழையை அவையிலேயே ஒப்புக்கொண்டான். ஆயினும் அத்தீர்ப்பினால் கோவலன் உயிர் மீளவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும், அதுவும் காலத்தில் வேண்டும் என்னும் இரண்டு தேவைகளையும் அக்காப்பியம் அன்றே காட்டிவிட்டது.

இந்திய அரசியலமைப்பில் இத்தேவை இடம்பெற்றது 1976ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு, வறுமையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று அரசுக்குக் கடமை விதித்தது. அதற்கு முன்பே, 1973இல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு இலவசச் சட்ட உதவி குறித்து அறிக்கை அளித்திருந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9ஆம் நாள். விரைவான நீதிக்கென இயற்றிய சட்டமே எட்டாண்டு காத்திருந்தது என்பதைச் சிரிப்பதா, வருந்துவதா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இவ்வட்டாரத்தின் நிலையைப் பார்க்கலாம். விருதுநகர் மாவட்டம் 1985இல் உருவானது. ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருக்க, மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே இயங்குகிறது. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் உள்ள கோபுரம் தங்கள் ஊர்க் கோபுரமே என்பது திருவில்லிபுத்தூர் மக்களின் பெருமிதம். அம்முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' என்று பொறித்திருக்கிறது. வாய்மையை அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்டோர்க்கு அச்சொல் புதிதன்று.

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் அரைமணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் நூற்பாலைத் தொழிலாளிக்கோ, சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறியாளருக்கோ நீதிமன்றத்தின் தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை. இழந்த கூலியில் அளக்கப்படுகிறது. ஒரு வாய்தா என்றால் ஒருநாள் கூலி போயிற்று. மேல்முறையீடு உயர் நீதிமன்றம் சென்றாலோ, 2004 வரை சென்னைக்கு ஓரிரவுப் பயணம் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள் மதுரைக் கிளை திறக்கப்பட்டபின், காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தொலைவுக்கு உயர் நீதிமன்றம் வந்து சேர்ந்தது. தென் மாவட்ட எளியோர்க்கு அண்மைக் காலத்தில் கிடைத்த நீதித்துறைச் சீர்திருத்தங்களுள் இதுவே தலையாயது எனலாம். கணினியும் செயலியும் பின்னர் வந்தவை.

மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத் அடுத்த புதுமை. குஜராத்தின் ஊனாவில் 1982இல் நிகழ்ந்த அமர்வு இதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இன்று ஆண்டுக்கு நான்கு முறை நாடெங்கும் தேசிய மக்கள் நீதிமன்றம் கூடுகிறது. வங்கிக் கடன், வாகன விபத்து இழப்பீடு, காசோலை வழக்கு, குடும்பப் பூசல் ஆகியவை பெரும்பாலும் இங்கு வரும். வழக்குத் தொடுக்கும் முன்னரே பிணக்கைக் கொண்டுவரலாம். நிலுவை வழக்கு சமரசத்தில் முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கு ஏற்படும் முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குரிய வலிமை உண்டு. அதன்மீது மேல்முறையீடு இல்லை.

மேல்முறையீடு இல்லை என்னும் அச்சொல்லில்தான் எச்சரிக்கையும் இருக்கிறது. விபத்தில் கணவனை இழந்தவர், பத்தாண்டு அலைவதற்கு அஞ்சி, உரியதில் பாதிக்கே கையொப்பமிட்டுவிட நேரலாம். மக்கள் நீதிமன்றம் சமரசம் செய்துவைக்கலாமேயன்றித் தானாகத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் அதற்கு இல்லை என்று ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவுபடுத்தியது. ஆதலால், உடன்பாடு இல்லையெனில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. இதை அமர்வுக்குச் செல்லுமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

இராசபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருப்பதைப் பலரும் அறிவர். சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பி.எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே அதற்கு ஈந்தார். காந்தியடிகள் வழக்கறிஞர் என்பதையும், 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் பம்பாயில் ஜைனப் பெரியார் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்து அவரால் ஆழமாக ஈர்க்கப்பட்டார் என்பதையும் சேர்த்து எண்ணுவோர் குறைவு. தென்னாப்பிரிக்காவில் அவர் ஏற்ற முதல் பெருவழக்கு தாதா அப்துல்லாவுடையது. எதிர்க்கட்சிக்காரர் தயப் சேட் அவருடைய உறவினரே. வழக்கு நீண்டால் இருவரும் அழிவர் என்று கண்ட காந்தி, நடுவர் தீர்வுக்கு இருவரையும் இணங்கச் செய்தார். தாதா அப்துல்லா வென்றார். ஆனால் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்டால் தயப் சேட் நொடித்துப்போவார். தவணையில் பெற்றுக்கொள்ளுமாறு வென்றவரை இணங்க வைப்பதுதான் கடினமாயிருந்தது என்று காந்தியே தம் வரலாற்றில் எழுதுகிறார். வென்றவன் விட்டுக்கொடுப்பதும் அகிம்சைதானே!

அவ்வழியை இன்று சமரச மையங்கள் மேற்கொள்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தமிழ்நாடு சமரசத் தீர்வு மையம் தொடங்கப்பட்டது. பின்னர் மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2023இல் சமரசத்துக்கெனத் தனிச் சட்டமே வந்துவிட்டது. சமரசர் தீர்ப்பு வழங்குவதில்லை. இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்கிறார். ஒருவர் கண்ட உண்மையின் ஒரு கூற்றை மற்றவர் காணுமாறு செய்கிறார். அநேகாந்தவாதம் கற்றோர்க்கு இம்முறையை விளக்கத் தேவையில்லை. அங்கு பேசியவை வெளியே போகா என்பதும், பின்னர் வழக்கில் சான்றாகக் காட்டப்படா என்பதும் குடும்ப மானம் கருதித் தயங்குவோர்க்குப் பெரிய ஆறுதல்.

இனி, இவ்வுரையின் நெஞ்சமான செய்தி. ஜைனர்களுக்கும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்னும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. எனினும் அப்போது மணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தாது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. தந்தை அந்நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்று வினிதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்னரே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் கலைக்காது.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும், இல்லங்களில் நடப்பது என்ன? சகோதரி பிறந்தகம் வருகிறாள். விருந்து நடக்கிறது. மறுநாள் சார் பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறாள். தன் பங்கின் மதிப்பு என்ன என்று அவளும் கேட்பதில்லை, அண்ணனும் சொல்வதில்லை. மனமுவந்து விட்டுக்கொடுப்பது தியாகம். அறியாமல் இழப்பது தியாகம் ஆகாது. கொடாத பொருளைக் கொள்ளாமை என்னும் விரதம் பிறர் பெட்டிக்கு மட்டும் உரியதன்று, உடன்பிறந்தாள் பங்குக்கும் உரியது. மறுபுறம், பங்கு கேட்டு வழக்குத் தொடுத்துவிட்டால் பேச்சுவார்த்தை அற்றுப்போகிறது. க்ஷமாவணி நாளில் ஊரார் அனைவரிடமும் மன்னிப்பு வேண்டி வணங்கிவிட்டு, மறுவாரம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நிற்கும் உடன்பிறந்தார் எச்சமுதாயத்திலும் உண்டு. இத்தகைய பிணக்குகளுக்கே சமரச மையம் மிகவும் ஏற்றது.

பெண்கள் அனைவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுடையோர் என்பதைச் செல்வக் குடும்பத்துப் பெண்களும் அறிவதில்லை. சட்டத்தின் 12ஆம் பிரிவு அவ்வுரிமையைப் பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆலைத் தொழிலாளர்க்கும், காவலில் உள்ளோர்க்கும் வழங்குகிறது. மற்றையோர்க்கே வருமான வரம்பு உண்டு. கோவலனுக்குக் கிடைக்காதது இன்று காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எழுத்தளவிலேனும் உரிமையாகிவிட்டது. முதியோர்க்கு 2007ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் தனி வழி தருகிறது. பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்ற பிள்ளை பராமரிக்காவிடில் அப்பத்திரத்தையே செல்லாததாக்கலாம். அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவித்தல் நன்று.

மின்னணு நீதிமன்றத் திட்டத்தால் பதினாறு இலக்கங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கைப்பேசியில் இட்டால் வழக்கின் அடுத்த நாள் தெரிகிறது. வாய்தா தள்ளிப்போனதை அறிய மட்டும் பேருந்தேறிய காலம் போயிற்று. 2017இல் தொடங்கிய டெலி-லா திட்டத்தில் பொதுச் சேவை மையத்திலிருந்தே வழக்கறிஞருடன் பேசலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் மொழிபெயர்க்கப்படுகின்றன. உயர் நீதிமன்ற நடவடிக்கைகளோ இன்றும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. மொழி எவ்வளவு பெரிய தடை என்பதை வீர்சந்த் காந்தி அறிந்திருந்தார். 1893இல் சிகாகோவில் ஜைன அறத்தை எடுத்துரைத்த அப்பெருமகனார், சம்மேத சிகரத்தின் தூய்மை காக்கும் வழக்குக்காகக் கல்கத்தாவில் மாதக்கணக்கில் தங்கி, ஆவணங்களைப் படிக்கவென்றே வங்காளம் கற்றார். எளிய வழக்காளியிடம் அத்தகைய உழைப்பை எதிர்பார்க்க இயலாது. அவன் மொழிக்கு நீதிமன்றம்தான் வர வேண்டும்.

சட்டத் தன்னார்வலர் திட்டம் 2009 முதல் உள்ளது. அவர்கள் வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை; படிவம் நிரப்பவும், அஞ்சுவோரை உடன் அழைத்துச் செல்லவும் தெரிந்த நல்லோர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பட்டம் பெற்ற இல்லத்தரசியரும் நிறைந்த ஒரு சமுதாயத்தில் அறக்கட்டளை ஒன்று நான்கைந்து பேரை இதற்கு அனுப்புதல் அரிதன்று. உதவி வேண்டுவோர் திருவில்லிபுத்தூர் மாவட்ட ஆணைக்குழுவையோ, இராசபாளையம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ அணுகலாம். மனுவைத் தமிழில் வெள்ளைத் தாளில் எழுதித் தரலாம். எழுத இயலாதோர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலகத்தார் எழுதிக்கொள்வர். நாடெங்கும் பொதுவான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.