300 எம்பிபிஎஸ் பிளான், 93-ல் நின்ற ஸ்பீடு: வீட்டு ரவுட்டர் கதை

இந்த வாரம் ரவுட்டர். "எந்த ரவுட்டர் வாங்கலாம் ப்ரோ?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே வரியில் பதில் சொல்லலாம்தான். ஆனால் அப்படிப்பட்ட ஒரு வரி பதிலை நம்பி நானே காசை விட்டிருக்கேன். அதனால் நடந்ததைச் சொல்லிடறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேளச்சேரியில் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட். அப்பா, அம்மா, தங்கச்சி, நான். ஃபைபர் கனெக்‌ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான். ஃபைபர் பெட்டியை வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டிட்டுப் போயிருந்தாங்க. என் ரூம் வீட்டோட கடைசி. நடுவில் இரண்டு சுவர், அம்மாவோட இரும்பு பீரோ.

அந்த ரூமில் உட்கார்ந்துதான் ஒரு கம்பெனிக்கு மூன்றாவது ரவுண்டு இண்டர்வியூ கொடுத்தேன். ஸ்கிரீன் ஷேர் போட்டு புரோகிராம் எழுதிக் காட்டிட்டிருக்கும்போது எதிரில் இருந்தவர் முகம் அப்படியே நின்னுடுச்சு. மூன்று தடவை கட் ஆகி கட் ஆகி வந்தது. "பிறகு தொடர்பு கொள்கிறோம்" என்று ஒரு மெயில் வந்தது, அதோட சரி. நெட்டால்தான் வேலை போச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அன்னைக்கு ராத்திரி எனக்கு வேற எதுவும் தோணலை.

கோபத்தில் இரண்டு காரியம் செய்தேன். பிளானை 300-க்கு மாற்றினேன். அட்டைப்பெட்டியில் பெரிசா "1200" என்று போட்டிருந்த ஒரு ரவுட்டரை ஆன்லைனில் வாங்கினேன். நாலு ஆண்டெனா, பார்க்க ஆள் மாதிரி நிக்கும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால், ரவுட்டர் பக்கத்திலேயே நின்னாலும் 93. மறுநாளும் 93. என் ரூமுக்குப் போனால் இருபது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு நல்லா சண்டை போட்டேன்.

டெக்னீஷியன் அண்ணா ஒருத்தர் வந்தார். என்னோட புகாரை எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, லேப்டாப்ல லேன் போர்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஃபைபர் பெட்டியிலிருந்து நேரா லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போட்டார். 300-க்குப் பக்கத்தில் வந்தது. அதே கேபிளை என் புது ரவுட்டரில் போட்டார். 94. ரவுட்டரைத் திருப்பி, பின்னாடி இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார்: 10/100. "உங்க போர்ட்டே நூறுதான் தம்பி. ஆயிரம் பிளான் போட்டாலும் இதுல வராது."

அந்த 1200 என்ன கணக்குன்னு அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி ஒரு ரவுண்டு நம்பர். அதுவும் காற்றில் போகும் வேகம், ஏட்டளவில். ஆனால் இண்டர்நெட் வீட்டுக்குள் வர்றது அந்த ஒரு போர்ட் வழியாத்தான். மாடியில் எவ்வளவு பெரிய டேங்க் வெச்சாலும், கீழே வர்ற பைப் அரை இஞ்ச்னா அரை இஞ்ச் தண்ணிதான். காலேஜில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர் பாஸ் பண்ணவன் நான். ரொம்ப வெட்கமா இருந்தது.

அவர் செய்ததைத்தான் இப்போ யார் கேட்டாலும் முதலில் செய்யச் சொல்றேன். நாலு இடத்தில் ஸ்பீடு பாருங்க. ஃபைபர் பெட்டியில் நேரா கேபிள். அடுத்து ரவுட்டரில் கேபிள். அப்புறம் ரவுட்டர் பக்கத்தில் நின்னு வைஃபை. கடைசியா உங்க ரூமில் வைஃபை. எந்த இடத்தில் நம்பர் விழுதோ, காசு அங்கேதான் செலவாகணும். முதல் இடத்திலேயே விழுந்தால் கம்பெனிக்காரங்க பொறுப்பு, தைரியமா சண்டை போடலாம். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லைன்னா யுஎஸ்பி அடாப்டர் வாங்கலாம், ஆனால் அதுவும் கிகாபிட்டான்னு பாருங்க. மலிவான சிலது நூறுதான். அதை வெச்சு டெஸ்ட் பண்ணா மறுபடியும் என் கதைதான்.

புது ரவுட்டர் வாங்கியே ஆகணும்னா, எல்லா போர்ட்டும் கிகாபிட், டூயல் பேண்ட், வைஃபை 6. சாதாரண ஃபிளாட்டுக்கு இது போதும். ஆண்டெனா எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீங்க. இன்னொன்று, ஃபைபர் பெட்டியே பல வீட்டில் ரவுட்டர் வேலையும் பார்க்கும். அதுக்குப் பின்னாடி இன்னொரு ரவுட்டரை அப்படியே மாட்டினால் இரண்டும் தனித்தனி நெட்வொர்க் போடும், சில ஆன்லைன் கேம்ஸ் தகராறு பண்ணும். பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்க, இல்லைன்னா புதுசை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுங்க.

சரி, போர்ட் மாற்றியாச்சு. என் ரூம்? அங்கே பிரச்சினையே வேற. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா போகும், ஆனால் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் செத்துடும். இரும்பு பீரோவைப் பற்றி சொல்லவே வேண்டாம். 2.4 கொஞ்சம் தூரம் வரும், ஆனால் அபார்ட்மெண்டில் எல்லார் வீட்டு வைஃபையும் அங்கேதான் நெரியும். ஒன்றோடொன்று இடிக்காத சேனல் அதில் மூன்றுதான்: 1, 6, 11. வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப்பில் பார்த்து, கூட்டம் குறைவா இருக்கிறதைப் போடுங்க, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டரை டிவிக்குப் பின்னாடியும் அலமாரிக்குள்ளேயும் ஒளிச்சு வைக்காதீங்க. ஹால் நடுவில், நெஞ்சு உயரத்தில், திறந்த இடம்.

இதெல்லாம் செய்த பிறகும் என் ரூமில் அறுபதுதான் வந்தது. வீடியோ காலுக்கு அது தாராளம், சில எம்பிபிஎஸ்ஸே போதும். எனக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது 300 இல்லை, கட் ஆகாத ஒரு பத்து. அதனால் 15 மீட்டர் கேட் 6 கேபிள் வாங்கி, சுவர் ஓரமா கிளிப் அடிச்சு, ரூம் வரைக்கும் இழுத்தேன். கேபிள் போட்டதும் லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு 1000 காட்டுதான்னு பார்க்கணும். 100 காட்டினால், உள்ளே இருக்கிற எட்டு ஒயரில் ஏதோ ஒன்று சரியா கிரிம்ப் ஆகலைன்னு சந்தேகப்படுங்க. நூறுக்கு நாலு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும்.

இப்போ இருக்கிற வேலைக்கான இண்டர்வியூ அந்தக் கேபிளில்தான் நடந்தது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் பிடிக்கலை. "ஒயர் அசிங்கமா இருக்குடா, பெயிண்ட் அடிக்கும்போது எடுத்துடணும்" என்பாங்க. இன்னும் பெயிண்ட் அடிக்கலை.

உங்க வீட்டில் அந்த நாலு இடத்திலும் என்ன நம்பர் வருதுன்னு எழுதி அனுப்புங்க. எந்த ரவுட்டர்னு அதுக்கப்புறம் பேசலாம்.