சிறைப்பாடும் திரைமறைப்பும்

நீளமும் அகலமும் மட்டுமே உடைய தளத்தில் மின்னூட்டங்கள் எவ்வாறு இயங்கும் என ஆராய்வது தளக் கேஜ் புலக் கோட்பாடு. அதன் இரு நிகழ்வுகளுக்குரிய கலைச்சொற்களை இன்று எடுத்துக்கொள்வோம்.

1977இல் பொலியகோவ் விளக்கிய கோட்பாட்டில், எதிரெதிர் மின்னூட்டங்களைப் பிரிக்கப் பிரிக்க, தொலைவுக்கேற்ப ஆற்றல் பெருகிக்கொண்டே செல்லும். அவை பிரியவே இயலா. இது சிறைப்பாடு. 1982இல் டெசர், ஜாக்கீவ், டெம்பிள்டன் மூவரும் ஃபோட்டான் பொருண்மை பெறும் கோட்பாட்டை வகுத்தனர். அங்கே மின்னூட்டங்கள் பிரியும்; ஆயினும் அவற்றின் மின்புலம் தொலைவில் விரைந்து தேய்ந்துவிடும். இது திரைமறைப்பு.

‘திரையிடல்’ போதாதோ எனின், இன்று அச்சொல் படம் காட்டுதலையே குறிக்கிறது; மறைப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் காட்டுவதைச் சொல்லிவிடும்.

இரண்டிலும் தனி மின்னூட்டம் தொலைவில் புலப்படாது. விளைவு ஒன்றுபோலத் தோன்றினும் காரணம் வேறு. ஆகவே, ‘மறைதல்’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் கற்பிப்பதை நாம் தவிர்த்தல் வேண்டும்.